பாலம் அடித்துப்போன வருடம்

பாலத்தடிப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் போன மாதம் பதுளைக்கு வந்து என்னைப் பார்த்தார். பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரைப் பற்றி ஒரு பாடம் நடத்த வேண்டுமாம். ஊரின் வரலாறு, நில அமைப்பு, குடித்தொகை மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டார்.

"அரசாங்கக் கச்சேரியில அத்தனை வருசம் இருந்தவங்க நீங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

ஒரு தாள்தானே என்று ஒப்புக்கொண்டேன். முதல் இரண்டையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். குடித்தொகை என்று தலைப்புப் போட்டதும் கை நின்றுவிட்டது. அந்த ஊர் மக்களை நான் ஒரு தடவை வீடு வீடாகப் போய் எண்ணியிருக்கிறேன். அந்த நாட்களில் நடந்த ஒன்றைப் பள்ளிக்கூடப் பாடத்தில் சேர்க்க முடியாது. எழுதாமல் விடவும் மனம் வரவில்லை. சம்பந்தப்பட்டவர்களில் இன்று இருப்பவர்களிடம் போய்க் கேட்டேன். "தாராளமா எழுதுங்கய்யா" என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

பாலத்தடி என்பது நாம் வைத்த பெயர். சிங்களவர்களுக்கு அது ஏதண்டவெல. ஏதண்ட என்றால் ஆற்றின் குறுக்கே போடும் ஒற்றை மரப் பாலம். பதுளையிலிருந்து நமுனுகுல மலைக்கு ஏறும் பாதையில், ஓர் ஆறு குறுக்கிடும் இடத்தில் ஊர் இருக்கிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் வயல்களும் சிங்களக் குடிகளும் பழைய அம்பலமும். அம்பலம் என்றால் வழிப்போக்கர் தங்கும் மண்டபம். நான்கு கல்தூண், ஓட்டுக் கூரை, சுற்றிலும் உட்காரத் திண்டு, அவ்வளவுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடைவீதி. முஸ்லிம் சோனகரின் துணிக்கடை, எங்கள் ஆட்களின் அரிசிக் கடைகள், கொல்லன் பட்டறை, வண்டிப்பேட்டை, அரசமரத்தடியில் ஒரு பிள்ளையார். அதற்கு மேலே பாதை வளைந்து வளைந்து தேயிலைக்குள் போய்விடும். காலையில் மலையின் ஒன்பது உச்சியும் தெரியும். பத்து மணிக்கு மேல் ஒன்றுகூடத் தெரியாது, மூட்டம் இறங்கிவிடும்.

வரலாறு என்றால், முதலில் ஒற்றை மரம் இருந்தது. கோப்பிக் காலத்தில் வண்டி போகப் பலகைப் பாலம் போட்டார்கள். கோப்பி இலையெல்லாம் பூஞ்சை பிடித்து உதிர்ந்த காலத்தில் ஒரு பெருமழையில் அந்தப் பாலம் அடித்துக்கொண்டு போனது. பிறகு தேயிலை வந்தது, இரும்புப் பாலம் வந்தது. பாலத்தைச் சுற்றிக் கடைகள் வந்தன.

நான் பதுளைக் கடைவீதியில் பிறந்தவன். அப்பாவுக்குப் பாத்திரக் கடை. சிங்களம் தெருவில் வந்தது, இங்கிலீசு பள்ளிக்கூடத்தில் வந்தது. மூன்று மொழியும் தெரிந்ததால் கச்சேரியில் மொழிபெயர்ப்புக் குமாஸ்தா வேலை கிடைத்தது. முதல் ஆறு வருடம் காணி உறுதிப் பத்திரங்களையும் மனுக்களையும் மாற்றி எழுதினேன் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஏழாம் வருடம் குடிக்கணக்கு வந்தது. ரயில் பதுளைக்கு வராமல் பண்டாரவளையோடு நின்றுவிட்ட காலம் அது.

எங்கள் பகுதிக்குக் கணக்கெடுப்பு மேற்பார்வை தலைமைக் குமாஸ்தா கனகசபை ஐயாவிடம் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உடம்பு, கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. யாரையும் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பிழை செய்தால் பிழையான தாளை நம் மேசையில் வைத்துவிட்டு, நாமாகக் கண்டுபிடிக்கும் வரை பக்கத்தில் கைகட்டி நிற்பார். திட்டு வாங்குவதே மேல் என்று தோன்றும்.

பாலத்தடியை எனக்குக் கொடுத்தபோது, "முதல்ல ஊரைப் படமாக் கீறிக்கொண்டு வாரும்" என்றார். ஒரு நாள் முழுதும் நடந்து வீடுகளைக் குறித்து வந்தேன்.

"எல்லா வீடும் இருக்கோ?"

"இருக்குங்க ஐயா."

"வீடு எண்டால் என்ன?"

சுவர், கூரை என்று ஏதோ சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. "தனியா உலை வைக்கிற இடம் எல்லாம் வீடு. அடுப்பை எண்ணிக்கொண்டு வாரும்" என்று திருப்பி அனுப்பினார். இரண்டாம் தடவை போனபோது வண்டிப்பேட்டைச் சாய்ப்புக் கொட்டகையில் ஒரு கண் தெரியாத கிழவர் மூன்று கல்லை வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார். முதல் தடவை அவரைக் கடந்து போயிருக்கிறேன். பார்க்கவில்லை.

அடுத்தது வயது. நம் மக்களிடம் வயது கேட்டால், "ஒரு நாப்பது இருக்கும், போட்டுக்கங்க" என்பார்கள். கனகசபை ஐயா அதை ஒத்துக்கொள்ள மாட்டார். ஊரில் நடந்த பெரிய சம்பவங்களை வருட வாரியாக ஒரு பட்டியல் போடச் சொன்னார். கோப்பி இலை உதிர்ந்த வருடம், பலகைப் பாலம் அடித்துப்போன வருடம், முதல் தேயிலைக் கன்று நட்ட வருடம், அம்மை கண்ட வருடம், இரும்புப் பாலம் திறந்த வருடம். ஊர்ப் பெரியவர்களிடமும் கச்சேரிப் பழைய தாள்களிலும் தேடி இதைத் தயாரிக்கவே எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. "அந்த வருசம் நீங்க கைக்குழந்தையா, நடந்தீங்களா, மாடு மேய்ச்சீங்களா?" என்று கேட்டால் எவரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். வயது தானே வந்துவிடும்.

கடைசியாக, சத்தியம் செய்யவைத்தார். ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. சட்டத்திலேயே அப்படி இருந்தது.

ஆற்றுக்கு இந்தப் பக்கத்தில், அம்பலத்துக்கு எதிரே ரன்மெனிக்கா என்ற சிங்கள அம்மாளின் வீடு. கணவர் இறந்து நெடுநாள் ஆகியிருந்தது. அறுபதை நெருங்கும் வயது, வெள்ளைச் சேலை, வெற்றிலை போட்ட வாய். மகன் முத்து பண்டா மாட்டு வண்டி வைத்திருந்தார். தோட்டத் தொழிற்சாலையிலிருந்து தேயிலைப் பெட்டிகளை ஏற்றி வருவது அவர் தொழில். மனைவி, இரண்டு சின்னப் பையன்கள்.

முதல் பட்டியல் எடுக்கப் போனபோது முத்து பண்டா வண்டிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள், மாத்தயா. எனக்குத் தெரியாததும் அம்மாவுக்குத் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். மாத்தயா என்றால் ஐயா.

பெயர், மதம் எல்லாம் எழுதினேன். மகனின் வயதுக்கு என் பட்டியலைச் சொன்னேன். அந்த அம்மாள் உடனே, "பலகைப் பாலம் போன வருடம். அப்போது ஒரு மாதக் குழந்தை" என்றார்.

"பிறந்த இடம் இந்த ஊர்தானே?"

மருமகள் கிணற்றடிக்குப் போயிருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"அரசாங்கம் சத்தியமாகக் கேட்கிறது என்கிறீர்கள். நான் விகாரையில் சில் விரதம் எடுக்கிறவள், பொய் சொல்ல மாட்டேன். அவன் பிறந்த இடம் எனக்குத் தெரியாது. தோட்டத்துக்குப் போக வந்த ஒரு தமிழ்ப் பெண் அந்த அம்பலத்தில் காய்ச்சலில் செத்துப்போனாள். அவள் குழந்தை அவன். என் குழந்தை செத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. என் மார்பில் பால் கட்டியிருந்தது. எடுத்துக்கொண்டேன். அவனுக்கு இது தெரியாது. தெரியவும் கூடாது."

பிறந்த இடம் தெரியாது என்று எழுதிக்கொண்டு எழுந்தேன். இப்படி எத்தனையோ வீட்டில் எத்தனையோ கேட்டோம். மனதை அழுத்தினாலும் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

தோட்டங்களில் ஆட்களின் பட்டியலைத் துரைமார்களே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். சரிபார்ப்பது எங்கள் வேலை. இரண்டு வாரம் கழித்து, பாலத்தடிக்கு நான்கு மைல் மேலே உள்ள மேல்மலைத் தோட்டத்துக்குப் போனேன். காலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பிய பிறகு, கொழுந்து நிறுக்கும் சாய்ப்பில் எனக்கு ஒரு மேசை போட்டார்கள். வயது எல்லாம் முப்பது, நாற்பது என்று மொத்தமாக எழுதப்பட்டிருந்தது. கொழுந்து நிறுக்க வந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

அங்கம்மா என்று ஒரு பெண் வந்தாள். விதவை. கறுத்த நெடிய உருவம், கூடைக் கயிறு தழும்பு போட்ட நெற்றி. இரண்டு மகள்கள், அவர்களும் கொழுந்து எடுப்பவர்கள்.

"உன் வயசு என்னம்மா?"

"அதெல்லாம் யாருங்கய்யா கண்டா?"

"கோப்பி செத்த வருசம் ஞாபகம் இருக்கா? இல்ல, ஆத்துப் பாலம் அடிச்சுக்கிட்டுப் போன வருசம்?"

அவள் முகம் மாறியது. "பாலம் போனது ஞாபகம் இல்லாமயா? எங்கம்மாவ அதுதானுங்களே கொண்டு போச்சு. எனக்கு அப்பதான் முன்பல்லு விழுந்து முளைக்குது. இந்தியாச் சீமையிலேர்ந்து கப்பல்ல வந்து எறங்கி நடந்தே வந்தோம். அப்பா வழியிலயே போயிட்டாரு. மாத்தளை தாண்டி தம்பி பொறந்தான். இங்க வந்து பாத்தா ஆத்துல பாலம் இல்ல. நாலு நாள் அந்தக் கல்லு மண்டபத்துல கெடந்தோம். அம்மாவுக்குக் காச்ச. அம்மாவும் போச்சு, தம்பியும் போச்சு. என்னைய மட்டும் கங்காணி தோள்ல தூக்கிட்டு ஆத்தக் கடந்தாரு." மேசையில் இருந்த தாளைப் பார்த்து, "ஏங்கய்யா, செத்தவங்க பேரையும் எழுதுவீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. இருக்கிறவங்கள மட்டுந்தான்."

"தம்பி செத்தத நீ பாத்தியா?" என்று கேட்க வாய் வரை வந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அன்று காலைதான் முத்து பண்டாவின் வண்டி அந்தச் சாய்ப்பைக் கடந்து தொழிற்சாலைக்குப் போனதை நான் பார்த்திருந்தேன். மாடுகளின் மணிச்சத்தம் இன்னும் மேலே எங்கோ கேட்டுக்கொண்டிருந்தது.

"ஐயாவுக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" என்றாள் அங்கம்மா.

"ஒண்ணுமில்ல" என்று அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். என் உத்தியோகத்தில் அதைவிடக் கடினமான ஒரு சொல்லை நான் சொன்னதில்லை.

மறுநாள் கனகசபை ஐயாவிடம் போனேன். அவர் அறைக் கதவைச் சாத்தச் சொன்னார். முழுவதும் கேட்டார்.

"இன்னும் ஆருக்குச் சொன்னனீர்?"

"யாருக்கும் இல்லைங்க."

"வீட்டில?"

"இல்லைங்க."

"நல்லது." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பொறுக்க முடியாமல், "ஐயா, நாலு மைல். முப்பது வருசமா நாலு மைல்ல இருக்காங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது. சட்டத்துக்காக நாம வாயை மூடிக்கிட்டு இருக்கிறதா? நாளைக்கு அந்தம்மா செத்துப்போனா?" என்றேன்.

"அதுக்குத்தான் சாகமுந்திப் போய்க் கேளும் எண்டுறன்."

எனக்கு விளங்கவில்லை.

"அந்தத் தாய் சொன்னது அந்தத் தாய்க்குச் சொந்தம். தோட்டத்துப் பிள்ளை சொன்னது அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். எங்கட பெட்டியில கிடக்கிறதால அது எங்கட சாமான் ஆகாது. சொல்லுறதுக்குத்தான் தடை. சொன்ன ஆளிட்டைப் போய், 'இதை இன்னாருக்குச் சொல்லலாமோ?' எண்டு கேக்கிறதுக்குத் தடை இல்லை. விளங்குதோ?"

"விளங்குதுங்க. முதல்ல யார்கிட்ட போறது?"

கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "தோட்டத்துப் பிள்ளையிட்டை. அவவின்ர கதையைச் சொல்ல அனுமதி வேண்டும். ஆனால் ஏன் எண்டு சொல்லாதையும். ஆசை காட்டிப்போடாதையும், தம்பி. மற்றவ மாட்டன் எண்டால், இந்தப் பிள்ளைக்குத் தம்பி இரண்டாம் தரமும் செத்த மாதிரி."

அந்த ஞாயிற்றுக்கிழமை மேல்மலைக்கு ஏறினேன். அங்கம்மா தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால், பீலியில் விழும் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நீ அன்றைக்குச் சொன்னதை வெளியில் ஒருவரிடம் சொல்லலாமா என்று கேட்டேன்.

"அதுல என்னங்கய்யா ரகசியம்? ஊரெல்லாம் சொல்லுங்க. எங்கம்மா கதைய யாரு கேக்கப் போறாங்க!" என்று துணியைப் பிழிந்தாள்.

கீழே இறங்கி நேராக ரன்மெனிக்கா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் குரக்கன், அதாவது கேழ்வரகு, புடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணைப் பற்றி, அவள் அனுமதியோடு ஒன்று சொல்ல வந்திருக்கிறேன் என்று ஆரம்பித்தேன். பெயர் சொல்லவில்லை. நான்கு நாள், கல் மண்டபம், காய்ச்சல், முளைக்கும் பல் என்று சொல்லும்போதே சுளகு அவர் கையில் நின்றுவிட்டது.

"அந்தச் சின்னப் பெண் இருக்கிறாளா?"

"இருக்கிறாள்."

குரக்கன் தரையில் சரிந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

"உங்களிடம் அன்றைக்குப் பாதிதான் சொன்னேன், மாத்தயா. கங்காணி என்னிடம் இரண்டு பிள்ளைகளையும் எடுத்துக்கொள் என்றான். அந்தப் பெண் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர்கூட, இருக்கட்டுமே என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். அவளுக்குத் தன் அம்மாவின் முகம் தெரியும். என்னை ஒருநாளும் அம்மா என்று கூப்பிட மாட்டாள் என்று பயந்தேன். வளர்ந்து தம்பிக்கும் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். அவள் விரல்களை ஒவ்வொன்றாக என் கையால் எடுத்துவிட்டேன். ஐந்து விரல். இன்றைக்கும் என் கைக்குத் தெரியும்."

நான் அடுத்து என்ன செய்வது என்று கேட்கவில்லை. அவரே சொன்னார்: "மகனிடம் சொல்வதற்கு முன் அவளிடம் நான் சொல்ல வேண்டும். என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள்."

அடுத்த ஞாயிறு போனோம். அந்த வயதில் நான்கு மைல் ஏற்றம். வண்டி வேண்டாம் என்றுவிட்டார்; வண்டி என்றால் மகனுடைய வண்டிதான். மடியில் வாழைச்சருகில் சுற்றிய கித்துள் மரத்துக் கருப்பட்டி மட்டும் கொண்டு வந்திருந்தார்.

அங்கம்மா யாரோ என்று நினைத்து, வெளியே ஒரு சாக்கை விரித்து உட்காரச் சொன்னாள். ரன்மெனிக்கா உட்காரவில்லை. நின்றபடியே சொல்ல ஆரம்பித்தார்.

மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு முறை உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். ஆறு வருடமாகக் காணித் தகராறுகளில் அப்படிச் சொல்லிப் பழகிய வாய். அன்று, "நான்தான் உன் விரலைப் பிரித்துவிட்டேன்" என்று அங்கம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு தடவை முயன்றுதான் சொன்னேன்.

அங்கம்மா முதலில் என்னையும் அந்த அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "தம்பி?" என்றாள்.

"உயிரோட இருக்காரு" என்றேன்.

"செத்துப் போச்சுன்னு கங்காணி சொன்னாரே! நான் அழுகைய நிறுத்தலன்னு... கையில அடிச்சு சத்தியம் பண்ணிச் சொன்னாரே!"

சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகள்கள் வெளியே விழித்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வீட்டார் கூடிவிட்டார்கள். போகலாமா என்று ரன்மெனிக்காவிடம் கேட்டேன். அவர் லயத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். "அவள் என்னைப் போகச் சொல்லட்டும், போகிறேன்."

மூட்டம் இறங்கி லயத்தை மூடி, மறுபடி விலகியது. அவ்வளவு நேரம் ஆனது. கதவு திறந்தது. அங்கம்மா முகம் கழுவியிருந்தாள்.

"அவனுக்கு என்னா பேரு வச்சாங்கன்னு கேளுங்க."

"முத்து பண்டா" என்றார் ரன்மெனிக்கா, நான் கேட்பதற்கு முன்பே.

"முத்துவா? அந்தப் பேர யாரு வச்சா? அது எங்கம்மா வச்ச பேராச்சே!"

நான் சிங்களத்தில் கேட்டேன். ரன்மெனிக்கா அங்கம்மாவை நோக்கிக் கையை நீட்டினார். "இவள்தான் சொன்னாள். என் கையில் குழந்தையைப் பார்த்து, முத்து முத்து என்று கத்தினாள். வேறு பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை."

இதைத் தமிழில் சொன்னதும் அங்கம்மா படியிலேயே உட்கார்ந்து அழுதாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம் இடம் இருந்தது. யாரும் யாரையும் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அங்கம்மா திடீரென்று நிமிர்ந்தாள்.

"ஐயா, எந்த முத்து பண்டா? தேயிலப் பொட்டி ஏத்துற வண்டிக்காரரா?"

"ஆமா."

"ஐயோ! போன மாசம் எங் கொத்தமல்லிப் பாத்தியில மாடு மேஞ்சிருச்சுன்னு வாயில வந்தபடி ஏசினேனே! அது சிரிச்சிட்டே போச்சுங்கய்யா!"

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிப்பதைப் பார்த்து, என்னவென்று தெரியாமலே ரன்மெனிக்காவும் லேசாகச் சிரித்தார். நான் மொழிபெயர்த்த பிறகு நன்றாகவே சிரித்தார். மடியிலிருந்த கருப்பட்டியை எடுத்து அங்கம்மாவின் சின்ன மகளிடம் கொடுத்தார்.

மகனிடம் அவர் எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் அன்று நடந்தது அவர்களுடையது. இரண்டு நாள் பாதையில் முத்து பண்டாவின் வண்டியைக் காணோம் என்று கடைவீதியில் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் கச்சேரி வாசலில் அவர் நின்றார். கண் வீங்கியிருந்தது. அத்தனை பெரிய ஆள், தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என் பெயருக்கு நேரே சிங்களம் என்று எழுதியிருக்கிறீர்களா, மாத்தயா?"

"உங்கள் அம்மா சொன்னபடி எழுதினேன். நீங்கள் வேறு சொன்னால் மாற்றலாம். உங்களுக்கு உரிமை உண்டு."

"மாற்ற வேண்டாம். அம்மா சொன்னபடியே இருக்கட்டும்." தொப்பியை மறுபடி சுருட்டினார். "எனக்குத் தமிழ் வண்டிக்காரன் தமிழ்தான். மாடு, பெட்டி, சாக்கு, அவ்வளவு தெரியும். அவளை எப்படிக் கூப்பிடுவது? தமிழில் மூத்தவளுக்கு என்ன சொல்வீர்கள்?"

"அக்கா."

"அக்காவா? எங்களுக்கும் அக்காதானே!"

"இரண்டுக்கும் ஒன்றுதான்."

அவர் அதை இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அன்று பகல் மேல்மலை லயத்து வாசலில் ஒரு வெறும் வண்டி நின்றது என்றும், ஏற்ற ஒரு பெட்டியும் இல்லாமல் அது ஏன் வந்தது என்று கணக்கப்பிள்ளை கேட்டார் என்றும் பின்னால் கேள்விப்பட்டேன்.

கனகசபை ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பாராட்டும் இல்லை. "கணக்கு நாளண்டு ஆர் எங்க நிக்கினம் எண்டு கவனமாப் பாரும். ஒரு ஆளை இரண்டு இடத்தில எழுதிப்போடாதையும்" என்றார். நான் எழுந்து வாசலுக்கு வந்ததும், "தம்பி" என்று கூப்பிட்டார். "அந்தப் பிள்ளையின்ர பல்லு விழுந்த வயசு ஆறோ ஏழோ? சரியா எழுதினீரோ?" என்றார். குரல் கரகரத்திருந்தது.

முதல் பட்டியல் எடுத்து ஒரு மாதத்துக்கு மேல் கழித்துக் கணக்கு நாள் வந்தது. அன்று யார் எங்கே தங்குகிறார்களோ அங்கேதான் அவர்களைச் சேர்க்க வேண்டும். பொழுது சாயத் தொடங்கியதும் பட்டியல்களோடு புறப்பட்டேன். ரன்மெனிக்கா வீட்டு முற்றத்தில் அங்கம்மாவும் இரண்டு மகள்களும் இருந்தார்கள். துரையிடம் ஒரு நாள் லீவு கேட்டு வந்திருந்தார்கள். முத்து பண்டாவின் பையன்களில் சின்னவன் அங்கம்மாவின் மடியில் படுத்துக் கூடைக் கயிற்றை அவிழ்த்துக் கட்டி விளையாடிக்கொண்டிருந்தான். முத்து பண்டா மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

தோட்டப் பட்டியலில் அந்த மூன்று பெயரையும் அடித்துவிட்டு, இந்த வீட்டுத் தாளில் எழுதினேன். அங்கம்மா, பெண், தமிழ், இந்து. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற இடத்துக்கு வந்தேன். தலைவர் என்று ரன்மெனிக்காவின் பெயர் இருந்தது. அவரைப் பார்த்துக் கேட்டேன்.

அவர் கையைப் பிசைந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு, "விருந்தாளி என்று எழுதுங்கள், மாத்தயா" என்றார்.

முப்பது வருடம் சிங்கள ஊருக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கு அது விளங்காமல் இருக்குமா? அங்கம்மா பையனின் தலையை மெதுவாக மடியிலிருந்து நகர்த்தினாள்.

"ஐயா, முத்துவுக்கு என்னா எழுதியிருக்கீங்க?"

"மகன்."

"அவன் மகன்னா, அவன்கூடப் பொறந்த நான் எப்படிங்கய்யா விருந்தாளி? மகள்னு எழுதுங்க."

எழுதினேன். ரன்மெனிக்காவுக்குத் தமிழ் அவ்வளவு தெரியாது. என்ன சொல்கிறாள் என்று என்னைப் பார்த்தார். "துவ என்று எழுதச் சொல்கிறாள்" என்றேன். துவ என்றால் சிங்களத்தில் மகள்.

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனார். உள்ளே அரிசி அளக்கும் சத்தம் கேட்டது. நான் மற்ற இரண்டு பெயர்களையும் எழுதி முடித்து, மையை ஒற்றி, தாளை மடித்தேன். அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல், கொஞ்சம் கூச்சத்தோடு, கூப்பிட்டுப் பழகாத குரல்:

"துவே... வந்து உப்பு சரியா பார்."

அங்கம்மா சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.